விரதக் குளிசை

"பெரியம்மா, ஒரு புதினம் சொல்லட்டோ? கொழுப்புப் பாக்க இப்ப வெறுவயிறு வேண்டாமாம்" எண்டு தங்கச்சியின்ரை மகள் போன கிழமை ரெலிபோனிலை சொன்னவள். அவளும் என்னைப்போலை இரத்தம் பாக்கிற உத்தியோகம்தான். அவள் வேலை செய்யிற இடத்திலை ஒரு பக்கத்தாலை ரியூப்பை வைச்சால் மற்றப் பக்கத்தாலை கடுதாசி வந்து விழுமாம். கன டொக்டர்மார் இப்ப முதல் சோதினைக்குச் சாப்பிட்டிட்டே வரச் சொல்லினமாம். நான் சிரிச்ச சிரிப்பிலை பிள்ளை பயந்துபோனாள். சிரிக்காமல் என்ன செய்ய? என்ரை உத்தியோக காலம் முழுக்க நான் சனத்தோடை மல்லுக்கட்டினது அந்த வெறுவயித்துக்குத்தானே.

"உதை எழுதித் தாங்கோ, இஞ்சை புதிசா வந்த பிள்ளையளுக்கு வாசிச்சுக் காட்டுவம்" எண்டாள். எழுத இருந்தால் எனக்கு எல்லாம் ஒழுங்கா வருகுதில்லை. மத்தியானம் சாய்மனைக் கதிரையிலை கண்ணை மூடினால் அந்த அறை வருகுது. கிழக்குப் பக்கத்து யன்னல், அதுக்கு வெளியாலை வேப்பமரம், யன்னல் சட்டத்திலை வரிசையா நிக்கிற கண்ணாடி ரியூப்புகள், அதுக்குள்ளாலை வந்து மேசையிலை விழுகிற மஞ்சள் வெளிச்சம். வருசம் மாதம் கேட்டால் தடுமாறுவன். வெளிச்சம் எந்தப் பக்கத்தாலை வந்தது எண்டு கேளுங்கோ, சொல்லுவன்.

படிச்ச கதை பெரிசா இல்லை. கொழும்பிலை படிச்சன், சோதினை பாஸ் பண்ணினன், எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்திலை எல்லாரையும்போலை கப்பல் ஏறிக் காங்கேசன்துறையிலை வந்திறங்கினன். கையிலை ஒரு பை. அதுக்குள்ளை ஒரு சோடி உடுப்பும், அந்த உடுப்பிலை சுத்தின, சோதினைக்கு அளந்து உறிஞ்சிற ஒரு கண்ணாடிப் பிப்பெற்றும். சொந்தக் காசிலை வாங்கினது, விட்டிட்டு வர மனம் வரேல்லை. அம்மா துறைமுகத்திலை என்னைக் கண்டு அழ, நான் பிப்பெற் உடைஞ்சிட்டுதோ எண்டு பையைத் தடவிக்கொண்டு நிண்டனான். அப்பிடிப்பட்ட ஆள் நான்.

பட்டணத்துக்கும் கோப்பாய்க்கும் இடையிலை ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். அங்கை முந்திச் சாமான் போட்டு வைச்ச அறையை எனக்கு ஒதுக்கித் தந்தவை. தொண்ணூற்றைஞ்சிலை ஊரோடை சேந்து இடம்பெயர்ந்து நானும் அதைப் பூட்டியிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடக்குமட்டும் அந்த அறைதான் என்ரை ராச்சியம். என்ரை மேலதிகாரி டொக்டர் தேவசகாயம். உயரமான மனுசன், எந்த வெயிலுக்கும் முழுக்கைச் சேட்டு, கதைச்சால் பக்கத்திலை நிக்கிறவைக்குத்தான் கேக்கும். அவரும் வேதக்காரர், நானும் வேதக்காரி, கிறிஸ்தவச் சனம். ஞாயிற்றுக்கிழமை கோயில்லை அவர் பின் வாங்கிலை இருந்து பாட்டுக்கு வாயை மட்டும் அசைப்பார். சத்தம் வராது.

அவரிலை ஒரு பழக்கம். நான் எழுதிக் குடுக்கிற இலக்கத்தை உடனை பாக்கமாட்டார். "ரியூப்பைக் கொண்டா பிள்ளை" எண்பார். இரத்தத்தை எடுத்துச் சுத்தவிட்டால் சிவப்பு அடியிலை இறங்கும், மேலை மஞ்சள் தண்ணி தெளியும். அதைத்தான் நாங்கள் சீரம் எண்ணுறது. அந்த ரியூப்பை யன்னலடிக்குக் கொண்டுபோய், பின்னாலை ஒரு பேப்பர்த் துண்டைப் பிடிப்பார். சீரத்துக்குள்ளாலை எழுத்து வாசிக்கேலுமெண்டால் சரி. எழுத்து மங்கினால் கொழுப்பு. எழுத்தே தெரியாமல் பால்மாதிரி நிண்டால், அவர் ரியூப்பைத் திருப்பித் தந்து, "இன்னொருக்கா" எண்பார். இன்னொருக்கா எண்டால் நோயாளி திரும்ப வரவேணும், நான் திரும்பக் குத்தவேணும், நோயாளி என்னைத் திட்டவேணும். டொக்டரை ஒருத்தரும் திட்டினதில்லை. அந்தக் குரலோடை ஆர் சண்டை பிடிக்கிறது?

பால் மாதிரி வாறதிலை முக்கால்வாசி, ஆள் விடிய ஏதும் உள்ளை தள்ளியிட்டு வந்ததாலைதான். முதல்லை நான் "சாப்பிடாமல் வாங்கோ" எண்டு சொல்லிப் பாத்தன். எங்கடை ஊரிலை சோறு திண்டால்தானே சாப்பாடு. மயிலிட்டியிலையிருந்து வந்த, வள்ளம் வலை வைச்சிருக்கிற ஒரு சம்மாட்டி ஒரு சட்டி ஒடியல் கூழ் குடிச்சிட்டு வந்து, "நான் எங்கை பிள்ளை சாப்பிட்டனான், குடிச்சனான்" எண்டார். மீசையிலை கூழ் காயேல்லை. பிறகு "வெறுவயித்தோடை வாங்கோ" எண்டு மாத்தினன். அதுக்குச் சனம் வெறுந்தேத்தண்ணி குடிச்சிட்டு வந்துது. வெறும்தானே, அதிலை என்ன இருக்கு எண்டு ஞாயம். ஒரு கையிலை பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடிச்ச தேத்தண்ணி வெறும் தேத்தண்ணியாம்.

கடைசியா டொக்டர்தான் வழி சொன்னவர். "பிள்ளை, சைவச் சனம் விரதம் எண்டால் மதிக்கும். விரதத்தோடை வாங்கோ எண்டு சொல்லிப் பார்." சொன்னன். பிடிச்சுது. அதுக்குப் பிறகு ஒருத்தரும் கூழ் குடிச்சிட்டு வரேல்லை. எங்கடை ஆக்களுக்கு உபவாசம் எண்டால் ஒண்டும் வாயிலை வையாமல் செபம் பண்ணுறது. விரதமும் அதுதான் எண்டு வேதக்காரர் நாங்கள் ரண்டுபேரும் நினைச்சுக்கொண்டிருந்தம். பெரிய கெட்டிக்காரர் நாங்கள்.

தொண்ணூறுக்குப் பிறகு கறண்ட் இல்லை. சுத்துற மிசினை மேசையிலை பூட்டிக் கையாலை சுத்துவன். மெல்லத் தொடங்கி, வேகம் பிடிச்சு, ஒரே சீரா ஊதும். அந்தச் சத்தத்துக்கு எனக்குக் கண் சொக்கும். கொலஸ்ட்ரோல் பாக்கிறதுக்குச் சீரத்திலை அசற்றிக் அன்ஹைட்ரைட்டும் கந்தகத் திராவகமும் விட்டால் ஒரு பச்சை நிறம் எழும்பும். இளம் பச்சையெண்டால் நல்லது, கடும் பச்சையெண்டால் கூடாது. அந்தப் பச்சையைத் தெரிஞ்ச அளவுப் பச்சையளோடை பக்கத்திலை வைச்சுக் கண்ணாலை ஒப்பிட வேணும். வெய்யில் ஏறினால் நிறம் மாறிப்போம். அதாலை காலமை வெளிச்சத்திலை செய்யிறது. மண்ணெண்ணெயிலை ஓடுற பிறிட்ஜுக்கு எண்ணெய் இல்லாத காலத்திலை ரியூப்புகளை வாளியிலை வைச்சுக் கிணத்துக்குள்ளை இறக்கி விடுவன். விடிய இழுத்தெடுத்தால் சிலதிலை பாலாடைமாதிரி வெள்ளை மேலை மிதக்கும். அது சாப்பாட்டாலை வந்த கொழுப்பு. மேலை ஒண்டும் மிதக்காமல் முழுக்கக் கலங்கி நிண்டால் அது உடம்பே செய்யிற கொழுப்பு, ட்ரைகிளிசரைட் எண்ணுறது. கிணத்துத் தண்ணி பிறிட்ஜ் குளிருக்கு எங்கை வாறது? ஆனால் ஒண்டும் இல்லாததுக்கு அது.

இனி மனோன்மணி அக்காவின்ரை கதைக்கு வாறன். உண்மையிலை இதுக்குத்தான் எழுத வெளிக்கிட்டனான்.

மாரி முடிஞ்சு வெய்யில் தொடங்கின நேரம். நான் திரைச்சீலைக்கு உள்ளை, முதுகைக் காட்டிக்கொண்டு ரியூப் கழுவிறன். திரைக்கு வெளியாலை தடிச்ச குரல் ஒண்டு, "பிள்ளை, டொக்டர் இஞ்சை போகச் சொன்னவர்" எண்டுது. நான் திரும்பாமலே, "அண்ணை, உள்ளை வாங்கோ. சேட்டுக் கையை மடிச்சுவிடுங்கோ" எண்டன். வந்து நிண்டது ஒரு பொம்பிளை. நாப்பது வயதுக்கு மேலை இருக்கும், ஊதின முகம், புருவத்தின்ரை வெளிப்பக்கம் உதிர்ந்து போச்சு, அந்த வெக்கையிலும் தோளைச் சுத்தித் துவாய். எனக்கு நாக்கைப் புடுங்கலாம்போலை இருந்துது. அவ கோவிக்கேல்லை. "எல்லாரும் உப்பிடித்தான் பிள்ளை கூப்பிடினம். இப்ப ரண்டு மூண்டு வருசமா" எண்டா. ஒவ்வொரு சொல்லும் கிணத்திலையிருந்து இழுத்தெடுக்கிறமாதிரி வந்துது.

கோவம் வந்தது புருசனுக்குத்தான். என்னிலை இல்லை, வருத்தத்திலை. தம்பிராசா அண்ணை நீர்வேலியிலை வாழைத்தோட்டக்காரன், மெலிஞ்ச, கறுத்த மனுசன். வாசலிலை சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டபடியே சொன்னவர்: "கோயில்லை தேவாரம் படிச்சவள் பிள்ளை. இவள் படிக்கத் தொடங்கினால் வெளிவீதியிலை நிண்டு கதைக்கிற சனமும் வாயை மூடும்." இப்ப ஊரிலை சோம்பேறி எண்டு ஒரு கதை, விசர் தொடங்கியிட்டுது எண்டு இன்னொரு கதை. தேங்காய் திருவேக்கை திருவலையிலை இருந்தபடி நித்திரையாப் போறாவாம். கிணத்திலை ரண்டு வாளி அள்ளினால் நெஞ்சைப் பிடிக்குதாம்.

டொக்டர் அவவைக் கதிரையிலை முழங்காலிலை நிக்க வைச்சு, குதிக்காலுக்கு மேலை சின்னச் சுத்தியலாலை தட்டினார். ஆருக்கும் பாதம் துள்ளி உடனை திரும்பும். அவவின்ரை பாதம் துள்ளினது துள்ளினதுதான். பிறகு மெல்ல, மெல்ல, நித்திரையாலை எழும்புற ஆள் மாதிரித் திரும்பி வந்துது. டொக்டர் திரும்பவும் தட்டினார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்தப் பாதம் திரும்பி வந்ததைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கும் ஏதோ தண்ணிக்குள்ளை நிக்கிறமாதிரி இருந்துது. அண்டைக்கு எடுத்த சீரம் பால். பேப்பரிலை ஒரு எழுத்துத் தெரியேல்லை. பச்சையும் என்னட்டை இருந்த எந்த அளவுக்கும் அடங்கேல்லை, தண்ணி கலந்து கலந்துதான் பிடிச்சன்.

கழுத்துக்குள்ளை ஒரு சுரப்பி இருக்கு, தைரொயிட் எண்ணுறது. அது சுரக்கிறது குறைஞ்சால் உடம்பு முழுக்க மந்தம். குளிர் பிடிக்கும், முகம் ஊதும், குரல்நாண் தடிச்சு ஆம்பிளைக் குரலாகும். இரத்தத்திலை ஓடுற கொழுப்பைச் செலவழிக்கவும் உடம்பு மறந்துபோம். குறைஞ்ச சுரப்புக்குப் பதிலாக் குளிசை, அதுதான் மாத்திரை, இருக்கு. ஆனால் அந்தச் சுரப்பை அளக்கிற சோதினை கொழும்பிலைதான். சண்டையாலை பாதை பூட்டின காலத்திலை அது சந்திரமண்டலம். டொக்டர் சொன்னார்: "பிள்ளை, அந்தச் சுரப்பியை எங்களாலை நேரை பாக்கேலாது. அதின்ரை நிழலைத்தான் பாப்பம். குளிசை வேலை செய்தால் கொழுப்பு இறங்கும். உன்ரை பச்சைதான் எனக்குக் கண்." இப்பிடி ஒரு பொறுப்பை என்னிலை ஒருத்தரும் முன்பின் வைச்சதில்லை.

குளிசைக்கு எங்கை போறது? யாழ்ப்பாணத்துக் கடையளிலை தலையிடிக் குளிசையே இல்லை. "அது என்ரை வேலை, நான் எடுத்துவாறன்" எண்டார் தம்பிராசா அண்ணை. அந்த நாளையிலை சனம் கிளாலிக் கரையிலையிருந்து இருட்டோடை வள்ளம் ஏறி, கடல்நீரேரியைத் தாண்டி, அங்காலை வவுனியா போய்ச் சாமான் எடுத்து வரும். கடலிலை நேவியின்ரை துவக்குச் சூடு விழும். போனவை எல்லாரும் திரும்பினவை எண்டு இல்லை. இவர் வெங்காயமும் புகையிலையும் கொண்டுபோய், வரேக்கை குளிசைப் போத்திலை வாழைச்சருகிலை சுத்திச் சேட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு வருவார். விடியப்புறம் வீடு வந்து சேர்ந்தால், அண்டைக்குக் காலமையே மனுசியைச் சைக்கிளிலை ஏத்தி எங்களிட்டைக் கொண்டுவருவார். "சோதிச்சுப் பாருங்கோ பிள்ளை, இறங்கியிருக்கும்" எண்டு என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு நிப்பார்.

இறங்கேல்லை. வரவர வெள்ளை. சீனி இல்லை, எண்ணெய் இல்லை, இறைச்சி இல்லை, ஊரெல்லாம் மெலிஞ்சு போய், மற்ற ஆக்களின்ரை சீரம் எல்லாம் பளிங்குமாதிரித் தெளிஞ்சு நிக்குது. இவவின்ரை ரியூப் மட்டும் யன்னல் சட்டத்திலை பால்போலை. நான் முறைப்படி கேப்பன், "அக்கா, விரதமோ?" "ஓம் பிள்ளை, விரதம்" எண்பா. "குளிசை போடுறியளோ?" "போடுறன்." பொய் சொல்லுற முகம் இல்லை அது.

குளிசை வெய்யிலிலை பழுதாப்போச்சோ எண்டு டொக்டருக்கு ஒரு சந்தேகம். அதைக் கேட்ட தம்பிராசா அண்ணை இடிஞ்சு போனார். "நெஞ்சோடை வைச்சுக்கொண்டு வாறனான். என்ரை வேர்வைதான் பழுதாக்குதோ பிள்ளை?" எண்டு என்னைத் தனியாக் கேட்டார். இல்லை அண்ணை, போத்தில் மூடி இறுக்கமெல்லே எண்டு ஏதோ சொல்லிச் சமாளிச்சன்.

அடுத்த முறை அவர் திரும்பி வந்து மனுசியைக் கொண்டுவந்த நாள், டொக்டர் என்னை யன்னலடிக்குக் கூப்பிட்டார். அவவுக்குத் தொடக்கத்திலையிருந்து சின்ன அளவுதான் குடுத்தவர், நெஞ்சு நோ இருந்தபடியால். மந்தமாக் கிடந்த உடம்பைக் கெதியிலை தட்டி எழுப்பினால் இருதயம் தாங்காது. "இனி ரண்டு மடங்காக் கூட்டத்தான் வேணும்" எண்டார். "கூட்டாமல் விட்டால் கொழுப்பு அடைச்சுக்கொல்லும். கூட்டினால் நெஞ்சு தாங்குமோ எண்டு எனக்குத் தெரியேல்லைப் பிள்ளை." அவரின்ரை வாயாலை தெரியேல்லை எண்டு நான் கேட்டது அண்டைக்குத்தான். பிறகு வழக்கம்போலை, "கூட்ட முதல் இன்னொருக்கா எடு" எண்டார்.

எடுத்தன். எடுத்து முடிஞ்சால் நான் ஆருக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுப்பன், எங்கடை செலவிலை. வெறுவயித்தோடை வந்த சனம் மயங்கி விழுந்தால் தூக்கிறது ஆர்? அக்காவுக்கும் நீட்டினன். அவ கையாலை தடுத்தா. "வேண்டாம் பிள்ளை. வயிறு நிறைஞ்சு கிடக்கு. விடியக் காலமை பாற்சோறு சாப்பிட்டனான், இனி மத்தியானந்தான்."

கோப்பை என்ரை கையிலையே நிண்டுது. "விரதம் எண்டியள்?"

"ஓம், விரதந்தான். அவர் வள்ளம் ஏறின நேரம் தொடங்கினால், திரும்பி வந்து படலையைத் திறக்குமட்டும் விரதம். பின்னேரம் பாலும் பழமும் மட்டும். அவர் வந்த உடனை முழுகிப் பாற்சோறு காய்ச்சிப் படைச்சு, பாரணை பண்ணியிட்டுத்தானே இஞ்சை வாறனான்."

பாரணை எண்டால் விரதத்தை முடிச்சுச் சாப்பிடுறது எண்டு அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும். மெல்லக் கேட்டன், "அக்கா, விரத நாளிலை குளிசை?"

என்னைச் சின்னப்பிள்ளையைப் பாக்கிறமாதிரிப் பாத்தா. "விரதத்திலை ஆரும் குளிசை போடுவினமே? அவர் நிக்கிற நாளிலை ஒரு நாளும் தவறவிடாமல் போடுறன்."

அவர் எங்கை நிண்டார்? மாதத்திலை பாதி பாதையிலும் வள்ளத்திலும் வவுனியாக் கடையளிலும் நிண்டார். என்னத்துக்கு? குளிசைக்கு. இந்த மனுசன் குளிசைக்காகக் கடல் தாண்டினவர். அவ அவருக்காகக் குளிசையை நிப்பாட்டினவ. அவர் எவ்வளவு கஷ்டப்பட்டுப் போறாரோ அவ்வளவு நாள் அவ வருத்தக்காரி. நாங்கள் ரண்டு படிச்ச வேதக்காரர் விரதமோ விரதமோ எண்டு கேட்டுக்கொண்டு நிண்டம்.

டொக்டரைக் கூப்பிட்டன். அவர் வந்து, அவவுக்கு முன்னாலை இருந்த ஸ்டூலிலை இருந்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டார். வாசலிலை நிண்ட தம்பிராசா அண்ணையும் கேட்டுக்கொண்டு உள்ளை வந்திட்டார். "உது எனக்குத் தெரியாதே, மணி" எண்டார். "சொல்லிச் செய்யிறதே விரதம்?" எண்டு அவ தரையைப் பாத்தா. அவர் திரைச்சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். எனக்கு அந்த ரண்டு பேரிலும் அப்பிடி ஒரு கோவமும் அப்பிடி ஒரு பட்சமும் ஒண்டா வந்துது. எந்தப் பக்கம் பாக்கிறது எண்டு தெரியாமல் ரியூப்பைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

டொக்டர் விரதத்தை விடச் சொல்லுவார் எண்டு நினைச்சன். சொல்லேல்லை. எழும்பி யன்னலடிக்குப் போனார். வேப்பம்பூ உதிர்ந்து சட்டத்திலை விழுந்துகொண்டிருந்துது. பிறகு அந்தத் தாழ்ந்த குரலிலை சொன்னார்:

"அம்மா, இந்தக் குளிசைக்குச் சாப்பாடு ஒத்துவராது. பாலோடை, சோத்தோடை போட்டால் பாதியும் உடம்பிலை சேராது. விடிய எழும்பி, ஒண்டும் வாயிலை வைக்காமல், தண்ணியோடை மட்டும் விழுங்கவேணும். இது விரதக்காரருக்கெண்டே செய்த குளிசை."

அதிலை ஒரு சொல்லும் பொய் இல்லை. மருத்துவப் புத்தகத்திலை உள்ளதுதான். அதை இப்பிடிச் சொல்லலாம் எண்டு எந்தப் புத்தகத்திலையும் இல்லை.

மனோன்மணி அக்கா யோசிச்சா. அவவின்ரை யோசினையும் அந்தப் பாதம் மாதிரித்தான், மெல்லத்தான் திரும்பி வரும். "அப்ப, காலமை கோயில்லை தீர்த்தம் எடுத்து, அதோடை விழுங்கினால் விரதம் முறியாதுதானே?" எண்டா. டொக்டர் என்னைப் பாத்தார், "தீர்த்தத்திலை பால் இருக்குமோ பிள்ளை?" எண்டு. எனக்கென்ன தெரியும்? அக்காதான் சொன்னா, அபிஷேகப் பால் கலக்காத தீர்த்தம் வேறையா வாங்கலாம், பச்சைக்கற்பூரத்துக்கும் இப்ப வழியில்லை, வெறும் கிணத்துத் தண்ணிதான் எண்டு. "வெறும் எண்டால் வெறுமோ?" எண்டு நான் கேட்டன். என்ரை அனுபவம் அப்பிடி. அண்டைக்குத்தான் அந்த மனுசி சிரிச்சதை நான் முதல்முதல் கண்டது. கரகரத்த, ஆம்பிளைச் சிரிப்பு.

டொக்டர் அளவைக் கூட்டேல்லை. பழைய அளவையே ஒவ்வொரு நாளும் ஒழுங்காப் போடட்டும் எண்டார். பாரணைப் பாற்சோத்தை இரத்தம் குடுத்த பிறகு வைச்சுக்கொள்ளச் சொன்னார், தேங்காய்ப்பாலைக் குறைக்கச் சொன்னார். தம்பிராசா அண்ணை வந்தாலும் வராட்டிலும் மாதம் ஒருக்கா அவவை வரச் சொன்னார். நானும் விரதம் எண்ட சொல்லை அந்த அறையிலை விட்டிட்டன். அதுக்குப் பிறகு எல்லாரிட்டையும் ஒரே கேள்விதான்: "கடைசியா வாயிலை வைச்சது என்ன, எப்ப?" வெத்திலை, தேத்தண்ணி, பால், மாங்காய்த் துண்டு, எல்லாம் வெளியிலை வரும். பிள்ளையள், மிசின் எவ்வளவு கெட்டிக்கார மிசினாக இருந்தாலும் இந்தக் கேள்வியை அது கேக்காது.

பிறகு தம்பிராசா அண்ணை வெங்காயமும் புகையிலையும் கட்டிக்கொண்டு வழக்கம்போலை வெளிக்கிட்டார். போகேக்கை முந்திக் கொண்டுவந்த குளிசைப் போத்தில் வீட்டிலை நிறைய இருந்துது. அவர் அங்காலை போய்ச் சேர்ந்தார், அது தெரியும். பிறகு பாதை இறுகிச்சுது. கடலிலை சூடு, வள்ளங்கள் ஓடேல்லை, ஓடினதிலையும் சில கரை சேரேல்லை எண்டு கதை. அவரிட்டையிருந்து ஒரு சொல் இல்லை.

அக்கா தனிய வந்தா. முதல் மாதம் ஆரோ ஏத்திக்கொண்டு வந்து விட்டவை. பிறகு பிறகு நடந்தே வந்தா. விரதந்தான், ஆள் பாதியாப்போச்சு. "குளிசை?" எண்டு கேப்பன். "ஒவ்வொரு நாளும் தீர்த்தத்தோடை" எண்பா. ஒருநாள் மட்டும் எனக்குப் பொறுக்கேல்லை. "அக்கா, முந்தி விரதத்திலை போடாத நீங்கள் இப்ப எப்பிடி..." எண்டு தொடங்கியிட்டு விட்டிட்டன். அவ சொன்னா: "அவர் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது பிள்ளை? கடல் தாண்டி எடுத்துவந்தது போத்திலுக்குள்ளையே கிடக்கு எண்டோ?" வராமல் விட்டால் எண்டு அவவும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை.

ரியூப் தெளியத் தொடங்கிச்சுது. பால் கஞ்சித் தண்ணியாச்சு, கஞ்சித் தண்ணி மெல்ல மஞ்சளாச்சு. பச்சையும் மாதம் மாதம் இளகிச்சுது. அந்த நாளையிலை கடுதாசித் தட்டுப்பாடு, பேப்பரை மட்டைக் கடுதாசியிலும் கொப்பித் தாளிலும் அச்சடிப்பினம். முன்பக்கத்திலை மரண அறிவித்தல்கள். நான் அவவின்ரை ரியூப்புக்குப் பின்னாலை பிடிக்கேக்கை மட்டும் பேப்பரை மறுபக்கம் திருப்பிப் பிடிப்பன். ஒருநாள் அந்த மஞ்சளுக்குள்ளாலை, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி அறிவித்தல் எழுத்தெழுத்தாத் தெரிஞ்சுது. டொக்டரிட்டைக் கொண்டு ஓடினன். அவர் யன்னலடியிலை நிண்டு அந்த அறிவித்தலை முழுக்க வாசிச்சார், வேணுமெண்டே மெல்ல. இன்னொருக்கா எண்டு சொல்லேல்லை. சுத்தியலாலை தட்டிப் பாத்தார். பாதம் துள்ளின வேகத்திலையே திரும்பிச்சுது.

மாதம் மாதம் பாக்கிற ஆளிலை வாற மாத்தம் எங்களுக்குத் தெரியாது. முகம் வத்தினது தெரிஞ்சுது, துவாய் இல்லாமல் வந்தது தெரிஞ்சுது. மற்றதை நான் கவனிக்கவே இல்லை.

அதுக்குப் பிறகு ஒரு காலமை. வெய்யில் ஏற முதல், யன்னல் வெளிச்சம் ரியூப்புகளுக்குள்ளாலை வந்து மேசையிலை மஞ்சளா விழுந்து கிடக்குது. அக்காவிட்டை இரத்தம் எடுத்துப்போட்டு, கையிலை பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லியிட்டு, ரியூப் அலச வெளியாலை கிணத்தடிக்கு வந்தன். வேப்பமரத்தடியிலை ஒரு ஆள் சைக்கிளோடை நிக்குது. தாடி, கிழிஞ்ச சேட்டு, எலும்பும் தோலும். கிட்டப் போய்த்தான் ஆளை மட்டுக்கட்டினன். தம்பிராசா அண்ணை.

அவர்தான் முதலிலை கதைச்சார். விடியத்தான் கரையிலை வந்து இறங்கினவராம், வீட்டை போனால் படலை பூட்டியிருக்காம், மணி இஞ்சை எண்டு பக்கத்து வீட்டிலை சொன்னவையாம். "உள்ளைதான் அண்ணை நிக்கிறா" எண்டு ஒருமாதிரிச் சொன்னன்.

அந்த நேரம் திரைக்குப் பின்னாலையிருந்து அக்கா என்னைக் கேட்டா, "பிள்ளை, பஞ்சை எடுக்கட்டோ? இரத்தம் நிண்டிட்டுது."

அவர் ஒரு அடி எடுத்து வைச்சவர், நிண்டிட்டார். சைக்கிளைத் திரும்ப மரத்திலை சாத்தினார். "உள்ளை வேறை ஆரோ நிக்கினம் பிள்ளை. ஆரோ இளம் பிள்ளை. நான் பொறுத்து நிக்கிறன்" எண்டார்.

அப்பதான் எனக்கும் கேட்டுது. மாதம் மாதம் கேட்டுக்கொண்டு நிண்ட எனக்கு, அவர் சொன்ன பிறகுதான் கேட்டுது. மெல்லிய, தெளிஞ்ச குரல். தடிப்பு இல்லை, இழுவை இல்லை. திரும்பவும் வந்துது அது, "பிள்ளை, ஆர் வெளியிலை? ஆரோடை கதைக்கிறியள்?" எண்டு.

தம்பிராசா அண்ணையின்ரை கை சேட்டுக்குள்ளை போச்சு. வாழைச்சருகுப் பொட்டலத்தை நெஞ்சோடை பிடிச்சபடி, திரைச்சீலையைப் பாத்துக்கொண்டு நிண்டார். "பிள்ளை," எண்டார், டொக்டரின்ரை குரலிலும் தாழ்ந்த குரலிலை, "உது என்ரை மணி தேவாரம் படிச்ச குரலெல்லே."

நான் முகத்தைத் துடைச்சுப்போட்டு, போய்த் திரையை விலக்கிப் பிடிச்சன்.

"அண்ணை, உள்ளை வாங்கோ" எண்டன். இந்தமுறை ஆள் மாறிச் சொல்லேல்லை.